சிகாகோவிலிருந்து ஐந்து மணி நேரம்

குன்னூர்ப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் கிளார்க்காக இருந்த ஏகநாதனுக்கு, மேனேஜர் அறைக்குள் நுழையும்வரை தனக்கு ஒரு மைத்துனன் இருப்பது தெரியாது.

இலை வந்து குவிகிற மாதம். யாருக்கும் லீவு இல்லை. ஆனால், கல்யாண நாளுக்கு இந்த வருஷமும் பைக்காரா ஏரியில் படகில் ஏற்றாவிட்டால் அடுப்படிக்கு லீவு என்று மனைவி உஷா சொல்லியிருந்தாள்.

"எதுக்கு லீவு?" என்றார் மேனேஜர் சிவகுரு.

"சம்சாரத்தோட தம்பி கிருத்திக் சிகாகோவுல இருந்து வர்றானுங்க. வெள்ளிக்கிழமை கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்குப் போகோணுங்க."

உஷா வீட்டுக்கு ஒரே பிள்ளை.

"எத்தனை மணி நேரம் பறக்கணும்?"

கோவைக்கு பஸ்ஸில் மூன்று மணி நேரம். சிகாகோ இன்னும் கொஞ்சம் தள்ளி. "அஞ்சு மணி நேரமுங்க."

சிவகுரு கைப்பேசியில் தேடிப் பார்த்தார். பதினாலாயிரம் கிலோமீட்டர் பக்கம் வருகிறதே, மாறி ஏறி வர ஒரு நாள் ஆகுமே என்றார். சிங்கப்பூரில் தங்கி வருகிறான், அங்கிருந்துதான் ஐந்து மணி நேரம் என்று மாற்றினார் ஏகநாதன். அது சுற்று வழியாயிற்றே என்றதற்கு, அவனுக்கு ஜன்னலோரம் ரொம்பப் பிடிக்கும் என்றார்.

சிவகுரு காகிதத்தில் கணக்குப் போட்டார். அங்கே பகல் என்றால் இங்கே இரவு. எப்படிப் பார்த்தாலும் சனிக்கிழமைதான் வந்து சேருவான். ஆக வெள்ளியும் சனியும் இரண்டு நாள் லீவு. ஏகநாதனுக்கு வாயெல்லாம் பல்.

"அவ்வளவு தூரம் வர்ற மனுஷனை டாக்ஸியிலயா கூட்டியாறது? ரெண்டு நாளும் நீங்க என்கூடவே இருங்க. ஃபேக்டரி வண்டியில நானே வர்றேன்" என்றார் சிவகுரு.

வீட்டில் சொன்னபோது, இல்லாத தம்பிக்கு என்ன சமைப்பது என்று மட்டும் கேட்டாள் உஷா.

சனிக்கிழமை காலை, 'கிருத்திக், சிகாகோ' என்று எழுதிய அட்டையோடு ஏகநாதன் விமான நிலைய வாசலில் நின்றார். மூன்று விமானங்கள் வந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் அட்டையை இன்னும் உயர்த்தச் சொன்னார் சிவகுரு. நாலாவது விமானத்துக்குக் கை கடுத்து, மனமும் கடுத்து, ஏகநாதன் உண்மையைச் சொல்லிவிட்டார். தம்பியும் இல்லை, சிகாகோவும் இல்லை. வேலை போனாலும் சரி.

சிவகுரு திட்டவில்லை. பக்கத்திலிருந்த காலித் தள்ளுவண்டியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"கோட்டு போட்ட ஆளு யாராச்சும் வெளிய வந்தா, கையில கால்ல விழுந்தாவது பிடிங்க" என்றார்.

ஏகநாதன் ஒன்றும் புரியாமல் ஃபேக்டரி வண்டி டிரைவர் ஆண்ட்ரூவைப் பார்த்தார். ஆண்ட்ரூ காதோரம் வந்து மெதுவாகச் சொன்னார்:

"இன்ஸ்பெக்ஷனைத் தள்ளிப்போட, சிகாகோவுல இருந்து பெரிய ஆளு நம்ம தேயிலையை வாங்க வர்றாருன்னு சார் ஹெட் ஆபீஸ்ல சொல்லிட்டாருங்க, இன்ஸ்பெக்ஷனுக்கு வர இருந்தவங்க எல்லாரும் இப்ப மாலையோட பின்னால வேன்ல வந்துட்டிருக்காங்க."