கெளுத்திகளின் மௌனம்

"ருக்கு, குக்கர் விசில் மறுபடியும் மீன் பேச்சுல விழுந்துடுத்து."

சேஷு ஹெட்போனைக் கழற்றாமலே சமையலறைக்குக் குரல் கொடுத்தார். மீன்கள் காலையில் என்ன சத்தம் போடுகின்றன, மாலையில் என்ன சத்தம் போடுகின்றன என்று தண்ணீருக்குள் மைக் போட்டுக் கேட்பது அவருடைய ஆராய்ச்சி. ஆபீசில் கட்டட வேலை நடப்பதால், கெளுத்தி மீன்களைத் தொட்டியோடு கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸுக்கே கொண்டுவந்துவிட்டார். டைரக்டர் மெச்சும்படி ஏதாவது கண்டுபிடித்தால்தான் பதவி உயர்வு.

"விசில் இல்லாம பருப்பு எப்படின்னா வேகும்?" என்றாள் மனைவி ருக்மிணி.

"பாத்திரத்துல வேகவை."

அடுத்து மிக்ஸி பரணுக்குப் போனது. டிவி வாயை மூடியது. வெளிச்சத்தில் மீன்கள் மிரளுமென்று தொட்டிக்குக் கறுப்புப் போர்வை வந்தது. தீனி போடும் ருக்மிணியைத் தவிர வேறு யாரும், சேஷுவே ஆனாலும், அதை விலக்கக் கூடாது. கடைசியில் தில்லியின் ஜூன் மாத வெயிலில் கூலரும் நின்றது.

"உன் பெருமூச்சும் விழறது, ருக்கு. கொஞ்சம் வெளில போய் விட்டுட்டு வாயேன்."

ருக்மிணி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மீன்களிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை. சேஷு வயரை மாற்றினார், போர்வையை விலக்காமல் ஓரமாகக் கையை விட்டு மைக்கை மாற்றினார். ஒரு வாரமாகியும் காலையும் மாலையும் ஒரே நிசப்தம். முதலில் பயந்தார். பிறகு யோசித்தார், அதுதான் வினையாகப் போயிற்று. வீட்டின் இரைச்சலோடு போட்டி போட்டுத்தான் மீன்கள் இத்தனை நாள் கத்தியிருக்கின்றன, வீடு அடங்கியதும் அவையும் அடங்கிவிட்டன என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்.

"தீனியெல்லாம் சரியா போடறியோல்லியோ?"

"ஒரு குறையும் இல்லன்னா," என்றாள் ருக்மிணி. கல்யாணமான புதிதில் கேட்ட அதே குழைவான குரல்.

டைரக்டர் வீட்டுக்கே வந்தார். ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அச்சா. என்ன ஒரு அமைதி. கருத்தரங்குல இதையே வாசிங்க சேஷு-ஜி. ப்ரமோஷனை நான் பாத்துக்கறேன்."

சேஷு கைகூப்பினார். அப்போது அழைப்பு மணி அடித்தது. கழுவிய தூக்குவாளியோடு எதிர்வீட்டு வங்காளி மாமி நின்றிருந்தாள். டைரக்டருக்கும் நன்றாகப் புரிகிற இந்தியில் சொன்னாள்:

"ருக்மிணி தீதி, போன வாரம் குடுத்தீங்களே கெளுத்தி, கடுகு அரைச்சுக் குழம்பு வச்சேன், அப்படி ஒரு ருசி. போர்வைக்கு அடியில இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கா?"