தண்ணீருக்குச் சாப்பாடு போட்டவர்

உலகத்திலேயே தண்ணீருக்கு வேளா வேளைக்குச் சாப்பாடு போடுகிற ஒரே மனிதர் எங்கள் தெப்ராவ் ஊர் வரிசை வீடுகளில்தான் இருக்கிறார். வேறு எங்காவது இன்னொருவர் இருந்தால் தயவுசெய்து அவரை வெளியில் காட்டாதீர்கள், ஊர் தாங்காது.

அவருக்குப் பாட்டில்காரர் என்று பெயர். புதிதாகக் குடிவருபவர்கள் அதைக் கேட்டு வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள். மனிதர் பால் ஊற்றாத தேநீர், அதான் தே ஓ, அதைத் தாண்டி எதையும் தொட்டதில்லை. கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், கல்யாணம் ஆகவில்லை. வீட்டுச் சன்னலோரம் முழுக்கப் பிளாஸ்டிக் பாட்டில்கள், அவற்றில் கீரை நிறத்தில் உப்புத் தண்ணீர், ஒவ்வொன்றுக்கும் ஒரு காற்றுக் குழாய், எந்நேரமும் குபுகுபு என்று சத்தம்.

எல்லாம் ஒரே ஒரு மீனுக்காக. அவருடைய பவளப்பாறைத் தொட்டியில் விரல் நீளத்துக்கு ஒரு மாண்டரின் மீன் இருக்கிறது. உடம்பெல்லாம் பத்திக் சட்டை போட்ட மாதிரிக் கோலம். அந்த மகாராணி கடைத் தீனியைத் திரும்பியும் பார்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீந்துகிற பொடிப் பூச்சிகளை உயிரோடு பிடித்துத்தான் தின்னும். அந்தப் பூச்சிகளுக்குச் சாப்பாடு, பாட்டிலில் பொடிப் பாசி வளர்கிற அந்தப் பச்சைத் தண்ணீர். பச்சைத் தண்ணீருக்குச் சாப்பாடு உரம். கல்யாண விருந்தில் பாயசம் வருகிற நேரத்தில் பாட்டில்காரர் எழுந்து ஓடுவது இதற்காகத்தான்.

யாராவது வீட்டுக்குப் போய்விட்டால் தொலைந்தார்கள். ஒரு கண்ணாடிக் குவளையை விளக்கில் காட்டி, கையில் பூதக்கண்ணாடியைத் திணிப்பார்.

“பாருங்கண்ணே, நல்லா பாருங்க. எல்லாமே மாசமா இருக்கு லா!”

பக்கத்து வீட்டுச் சரசக்காவுக்கு இதைக் கண்டாலே ஆகாது. அக்கா காலையில் குவே பலகாரம் விற்பவர், வாயும் அதற்கேற்ற சூடு.

“ஏன் தம்பி, மீனுக்குச் சாப்பாடு, அந்தச் சாப்பாட்டுக்குச் சாப்பாடுன்னு ஓடுறியே, உனக்குப் பைத்தியம் ஏதும் பிடிச்சிருக்கா?”

“அக்கா, சத்தம் போடாதீங்க. பூச்சிங்க பயந்துக்கும்.”

இப்படி இருந்தவருக்கு ஒருநாள் நெஞ்சு வலித்தது. உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். மாதாமாதம் மூட்டையில் உப்பு வாங்கிக் கடல் கரைக்கிற மனிதரிடம்! அடைப்பு அதிகம், உடனே அறுவை சிகிச்சை என்றும் சொன்னார். பாட்டில்காரர் முடியாது என்றுவிட்டார். தான் ஆஸ்பத்திரியில் படுத்தால் தண்ணீர் பட்டினி, பூச்சி பட்டினி, மீன் செத்துவிடும். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மனிதர் செத்தால் மீனை யார் பார்ப்பார்கள் என்று கத்தினேன். கடைசியில் நானும் சரசக்காவும் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாகச் சத்தியம் செய்தபிறகே போய்ப் படுத்தார்.

கிளம்பும்போது, “வெளிச்சம் முக்கியம்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் வினையானது. சன்னல் வெளிச்சமெல்லாம் ஒரு வெளிச்சமா என்று சரசக்கா அத்தனை பாட்டிலையும் பாசத்தோடு தூக்கிக் கொண்டுபோய் உச்சிவெயிலில் அடுக்கினார். சாயங்காலம் பார்த்தால் பச்சை வெந்துபோய், பாட்டில்களில் தே ஓ நிற்கிறது.

மறுநாள் காலை அறுவை சிகிச்சை. விடிந்ததும் போன்.

“அண்ணே, பாட்டிலைப் படம் எடுத்து அனுப்புங்க. பார்த்துட்டுத்தான் உள்ள போவேன். இல்லாட்டி வீட்டுக்கு வந்துருவேன்.”

சரசக்கா கொல்லைக்குப் போய் ஒரு கை பாண்டான் இலையை அறுத்துவந்து அரைத்தார், பிழிந்தார், பாட்டிலில் ஊற்றிக் காற்றுக் குழாயைச் சொருகினார்.

“எடுப்பா படத்த. நான் குவேக்குக் கலர் சேர்க்கிறவ, எனக்குத் தெரியாத பச்சையா?”

அனுப்பினோம். பார்த்துவிட்டார் என்று தெரிந்தது, பதில் வரவில்லை. நாங்கள் பதறிப்போய் உட்கார்ந்திருந்தோம். ரொம்ப நேரம் கழித்து ஒரே வார்த்தை வந்தது: “போறேன்.”

பிழைத்து வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே சன்னலுக்குப் போனார். நாங்கள் இருவரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் நின்றோம். மீன் இளைத்திருந்தது, ஆனாலும் பாறை இடுக்கில் மிச்சமிருந்த பூச்சிகளைப் பொறுக்கிக்கொண்டு உயிரோடு இருந்தது. பாட்டில்காரர் ஃபிரிட்ஜைத் திறந்து, உள்ளே கடைசியிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தார். பச்சைப் பசேல் என்று இருந்தது. மறுபடி வளர்ப்பதற்கான விதைத் தண்ணீர்.

“அடப்பாவி, இத முன்னமே சொல்றதுக்கு என்ன?” என்றார் சரசக்கா.

“சொல்லியிருந்தா அதையும் வெயில்ல வச்சிருப்பீங்களே.”

அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “படத்தப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சுக்கா, அது பாண்டான்னு.”

“தெரிஞ்சுமா உள்ள போன?”

“எழுந்து வந்துரலாம்னுதான் நினைச்சேன். எனக்காக விடியக்காலையில பாண்டான் அரைச்சிருக்கீங்களே... அதுக்கப்புறம் செத்துப்போக மனசு வருமா லா?”

சரசக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே அவரைத் திட்டினார்.

நெஞ்சில் தையல் ஆறும்வரை அவர் எதையும் தூக்கக் கூடாது என்பதால், மறுபடி பச்சை பிடித்த பாட்டில்களை, பாசி அடியில் படியாமல் தினமும் நான் போய்க் குலுக்கிக் கொடுத்தேன். தையல் ஆறி எவ்வளவோ காலமாகிவிட்டது. “இனி நானே பார்த்துக்குறேண்ணே” என்கிறார். நான்தான் விடுவதில்லை.