காணாமல் போன இடுப்பு மூட்டு

"ஐயா, உங்க இடுப்புல வச்ச மூட்டையே காணோமே!" என்றாள் டெக்னீஷியன் பெண்.

படுத்திருந்த லாண்டரிக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருந்தால்தானே தெரியும்? செயற்கை மூட்டு வைத்தது அவருடைய அண்ணனுக்கு. இவர் அண்ணன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து படுத்திருக்கும் தம்பி.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். கொஞ்ச நாளாகத் தொடையில் வலி. உள்ளே மூட்டு ஆடிப்போயிருந்தால் மறுபடி ஆபரேஷன்தான். அறுத்துப் பார்க்காமலே அதைக் கண்டுபிடிக்க இந்தக் கிளினிக்கில் ஒரு கருவி வந்திருந்தது. தொடையில் வைத்து லேசாக அதிரவிட்டால், மூட்டு எலும்போடு சேர்ந்து அதிர்கிறதா, தனியாக ஆடுகிறதா என்று திரையில் தெரிந்துவிடும். அண்ணிதான் விடாப்பிடியாக அனுப்பிவைத்தாள். வாசல்வரை வந்த அண்ணன், துணைக்கு வந்த தம்பியைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ போய்ப் படுத்துக்கடா. நல்லா இருக்குன்னு ரிப்போர்ட் வாங்கிட்டு வா. போன தடவை படுக்கையில கிடந்ததே ஏழு ஜென்மத்துக்குப் போதும்."

"நிஜமாவே ஆடிப்போயிருந்தா என்னண்ணே பண்றது?"

"வாயை வைக்காதடா!"

இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே மீசை. யாருக்குத் தெரியப்போகிறது என்று தம்பியும் தலையை ஆட்டித் தொலைத்தார். இப்போது திருதிருவென முழித்தார்.

"அது... உள்ளயே கரைஞ்சிருக்குமோ என்னவோம்மா."

"உலோகம் எப்படி ஐயா கரையும்?"

"நான் கொஞ்சம் புளிப்பு ஜாஸ்தி சாப்பிடுவேன்."

அவள் ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தாள். டாக்டர் திரையைப் பார்த்தார். தொடையைப் பார்த்தார்.

"ஆபரேஷன் பண்ண தழும்பு எங்க?"

"மறைஞ்சு போச்சு டாக்டர். எனக்கு எல்லாமே சீக்கிரம் ஆறிடும்."

"அடடா, அப்ப கரைஞ்சதெல்லாம் ரத்தத்துல கலந்திருக்கும். உடனே திறந்து பாக்கணும். ஸ்ட்ரெச்சர் கொண்டாங்க!"

கண் மூடித் திறப்பதற்குள் பச்சை அங்கியை மாட்டி, வாரால் கட்டிவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் அண்ணன் மானம் போகும். சொல்லாவிட்டால் தன் இடுப்பு போகும். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். ஸ்ட்ரெச்சர் நடைபாதையில் உருண்டதும் வாய் தானாகவே திறந்துகொண்டது.

"அண்ணே! என்னை அறுக்கப் போறாங்கண்ணே!"

வாசல் பெஞ்சில் இருந்த அண்ணன் விழுந்தடித்து ஓடி வந்தார். ஸ்ட்ரெச்சரை இரண்டு கையாலும் மறித்துக்கொண்டார்.

"அவனை விடுங்க! அந்த இடுப்பு என்னோடது! அறுக்கிறதா இருந்தா என்னை அறுங்க!"

யாரும் அறுக்கவில்லை. அண்ணனைக் கருவி இருந்த அறைக்கு அழைத்துப்போய்ப் படுக்கவைத்தார்கள். கருவி மெல்ல அதிர்ந்தது. அண்ணன் தம்பியின் கையை நசுக்கிக்கொண்டிருந்தார். டெக்னீஷியன் பெண் திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"மூட்டு கெட்டியா எலும்போட இருக்குங்கய்யா. கொஞ்சம்கூட ஆடல."

"வெறும் தசைவலிதான்," என்றார் டாக்டர். "பயிற்சி செஞ்சா சரியாயிடும். இன்னொரு ஆபரேஷனெல்லாம் வேண்டாம்."

அண்ணன் குழந்தை மாதிரி அழுதார். தம்பி அங்கியின் நுனியால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். துடைக்கும்போது அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்து, ஸ்ட்ரெச்சர் தள்ளியவரிடம் அங்கியைக் கழற்றிக் கொடுத்தார் தம்பி.

"அண்ணன் மட்டும் வரலைன்னா இந்நேரம் என்னைத் தியேட்டருக்குள்ள தள்ளியிருப்பீங்க இல்ல?"

அவர் அங்கியை உதறி மடித்தார்.

"இங்க ஏதுங்க ஆபரேஷன் தியேட்டர்? இப்படி ஆள் மாறி வந்து படுக்கிறவங்களுக்காகத்தான் டாக்டர் இந்த ஸ்ட்ரெச்சரையே வாங்கிப் போட்டிருக்காரு."