புள்ளி சார் தேர்ந்தெடுத்த எழுத்து

காரைக்கால் மாவட்டத்திலேயே கம்ப்யூட்டர் திரையைத் தையற்காரர் டேப்பால் அளந்து பார்த்துவிட்டு வேலையில் சேர்ந்த ஒரே மனிதர் எங்கள் புள்ளி சார்தான். வெளிநாட்டுக் கணக்குப் பாடப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துத் தரும் ஆபீஸ் எங்களுடையது. முதல் நாள் வந்தவர் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. ஒவ்வொரு மானிட்டரையும் அளந்தார், இஞ்சுக்கு எத்தனை புள்ளி என்று வகுத்தார், பிறகுதான் உட்கார்ந்தார். திருநள்ளாறில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போன இடத்திலும் மண்டபத்து டிவியை அளந்தார். பெண் வீட்டார் அவரை மெக்கானிக் என்று நினைத்து ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அச்சுக்குப் போகுமுன் பக்கத்தைத் திரையில் பார்ப்போம் அல்லவா, அதற்கென்று பிட்மேப் எழுத்து உண்டு. சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகளை அடுக்கிச் செய்தது. அச்சில் வருவது வேறு எழுத்து. இப்போது எல்லோரும் ஓரம் வழவழப்பான எழுத்துக்கு மாறியாகிவிட்டது. புள்ளி சார் மட்டும் மாறவில்லை. ஒவ்வொருவர் திரைக்கும் தனித்தனியாகப் பிட்மேப் எழுத்து தேர்ந்தெடுப்பார். ஒரே ஒரு கமாவை மூன்று நாள் அவர் உற்றுப் பார்த்ததை நானே கண்டேன்.

"அச்சுல வராத எழுத்துக்கு எதுக்கு சார் இவ்ளோ பாடு?" என்றேன்.

"அச்சு, படிக்கிறவங்களுக்கு. திரை உங்களுக்குங்க. மொதல்ல உங்களுக்குத் தெரியணுமில்ல?"

நான் அங்கே பிழை பார்ப்பவன். எனக்கோ இரண்டு கண்ணிலும் புரை. சர்க்கரை குறைந்தால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆபீஸில் யாரிடமும் நான் மூச்சு விடவில்லை. முதலாளி ஒரு தடிப் புத்தகத்தைத் தந்து, "போனதுல நாலு கமாவ விட்டுட்டீங்க. இதுலயும் விட்டீங்கன்னா வேற ஆளத்தான் பாக்கணும்" என்றார். அந்தச் சம்பளத்தில்தான் என் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

அதிசயம், வாரம் ஆக ஆகத் திரை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒளிந்திருந்த கமாவெல்லாம் வரிசையாக மாட்டின. பூவம் போகும் பஸ்ஸின் போர்டு மட்டும் தெரியவில்லை. அதற்கு பெயின்டரைத் திட்டினேன். "கண்ணுன்னா இதாங்க கண்ணு" என்று ஆபீஸில் மார் தட்டினேன். புத்தகம் ஒரு பிழைகூட இல்லாமல் அச்சுக்குப் போனது. முதலாளியே டீ வாங்கித் தந்தார்.

பிறகு சர்க்கரை குறைந்ததும், போலகத்தில் மச்சினனுக்குக் கல்யாணம் என்று சொல்லி லீவு போட்டேன். ஆபரேஷனை முடித்துக்கொண்டு வந்து கம்ப்யூட்டரைப் போட்டவன் பயந்துபோனேன். ஒவ்வொரு எழுத்தும் இட்லி அளவுக்கு இருந்தது. பக்கத்து மேஜையில் எல்லாம் எப்போதும்போல் சின்னதாகவே இருந்தது.

"என்ன சார், என் திரையில மட்டும் இப்படி?"

புள்ளி சார் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார். "வாரா வாரம் கொஞ்சங் கொஞ்சமா பெருசு பண்ணிக்கிட்டே வந்தேங்க. இனிமே வேணாமில்ல? சின்னதாவே போட்டுடுறேன்."

கல்யாணம் எப்படி நடந்தது என்று அந்த ஆபீஸில் என்னைக் கேட்காத ஒரே மனிதர் அவர்தான். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.