கல்குடாப் பூங்காவின் நாலாவது மனேஜர்

பிள்ளையார் துணை

கல்குடா
09.08.2011

கட்டார் நாட்டில் ஏசி பூட்டி மற்றவர்களின் வீடுகளைக் குளிர வைத்துவிட்டுத் தான் மட்டும் வெயிலில் காய்கிற என் அருமைத் தம்பி நல்லரத்தினத்துக்கு, உன் அக்கா கண்ணகை பூங்கா வாசலில் சீட்டுக் கிழிக்கிற ரிக்கற் கூட்டுக்குள் இருந்து எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் பெண்சாதி வதனி, உன் மகள் யசோதினி மூன்று பேரும் சுகம். உன் சுகத்துக்காகக் களுதாவளைப் பிள்ளையாரிடம் நேரிலேயே போய்ச் சொல்லியிருக்கிறேன். அவர் கேட்டுக்கொண்டார், மறுமொழி சொல்லவில்லை. பெரிய இடத்து ஆக்கள் எல்லாம் இப்போது அப்படித்தான்.

தம்பி, போன கடிதத்தில் நான் எழுதியதை முதலில் கிழித்துப் போடு. "கட்டாரில் இருந்தது போதும், ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பக் கையெழுத்துப் போடாமல் வா, எங்கள் பூங்காவில் ராட்டினம் ஓட்டுகிற அசனார் காக்காவுக்கு உதவியாக இயந்திரம் தெரிந்த ஒருவன் வேண்டுமாம்" என்று எழுதினேன்தானே. எழுதிய கையை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அடுத்த மாதம் முடிய முன்னம் நீ அங்கே கையெழுத்துப் போட்டுவிடு. இதைப் போனில் சொல்லலாம் என்றால் போன் வதனியின் கையில். அவள் நீ வருகிறாய் என்று வீட்டுக்கு வெள்ளை அடித்து, யசோதினிக்கு உன் படத்தைக் காட்டி "இதுதான் அப்பா, வரக்குள்ள பயந்து ஓடக்கூடாது" என்று பழக்கிக்கொண்டிருக்கிறாள். சுனாமி உன் தோணியைக் கொண்டுபோன அடுத்த வருசம் போனவன், ஆறு வருசத்தில் இரண்டு தரம் வந்தாய். அந்தப் பிள்ளைக்கு நீ ஒரு சட்டம் போட்ட படம். அதனால்தான் இருந்த இடத்தில் இருக்க முடியாமல், ஒரு வரி எழுதுவதும் எழும்பி வாசலைப் பார்ப்பதுமாக இதை எழுதுகிறேன்.

பூங்காவுக்கு என்ன நடந்தது என்று கேட்பாய். சண்டை முடிந்த அடுத்த வருசம் கொழும்பில் இருந்து பொன்தோகைக் கம்பனி வந்து மூன்று பூங்கா திறந்தது உனக்குத் தெரியும். ஒன்று இங்கே, ஒன்று பட்டணப் பக்கம் வாவிக்கரையில், ஒன்று திருகோணமலைப் பக்கம். இங்கே முதல் வந்த மனேஜர் மீசை ஐயா. எங்கேயோ பாதுகாப்பு வேலை பார்த்தவராம். வந்தவுடன் வாசலில் சுற்றுகிற இரும்புக் குழாய் பூட்டி, பை பார்க்க ஒரு மேசை போட்டு, தொப்பி போட்ட இரண்டு பேரை நிறுத்தினார். முதல் ஞாயிறு நாலு பஸ் நிரம்புகிற அளவு சனம் சைக்கிளில் வந்தது. சண்டைக்காலச் சோதனைச்சாவடியில் பழகிய சனம், இருநூறு மீற்றருக்கு அங்காலேயே இதைக் கண்டு சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு வந்தது. யாரும் சொல்லாமலே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கையில் அடையாள அட்டை. ஒரு சத்தம் இல்லை. குழாய்க்குள்ளால் நுழைந்து, பை காட்டி, நேரே நடந்து, பின் வாசலால் வெளியே போய், சுற்றி வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. ராட்டினத்தில் ஏறியவர் ஒருவருமில்லை. சோதனை முடிந்தால் வேறென்ன, போகவேண்டியதுதானே. மீசை ஐயா கொழும்புக்கு "சனம் மிக ஒழுக்கமானது" என்று அறிக்கை எழுதினார். மூன்று மாதத்தில் அவரை எடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது வந்தது சிங்கப்பூரில் படித்த ஒரு இளம் பிள்ளை. மடியில் எப்போதும் கம்பியூட்டர், குழந்தைப்பிள்ளை வைத்திருக்கிற மாதிரி. நல்ல பிள்ளை, என்னை "அன்ரி" என்றுதான் கூப்பிடும். அது யோசித்து யோசித்து ஒரு குளம் கட்டுவித்தது. சாதாரணக் குளமில்லை, அலை அடிக்கிற குளம். கடலை முன்னால் வைத்துக்கொண்டு அலைக்கு ஏன் குளம் என்று கேட்டதற்கு, "இது பாதுகாப்பான அலை அன்ரி" என்றது. திறப்புவிழா அன்று சனம் குளத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீரில் சிரித்துக்கொண்டு நிற்கிறது, அந்த நேரம் பார்த்துச் சங்கு ஒன்று ஊதுகிறது, மேலே கட்டிய ஒலிபெருக்கி "அலை வருகிறது, அலை வருகிறது" என்று சொல்லுகிறது. தம்பி, பிறகு நடந்ததை நான் எப்படி எழுதுவது. ஒரு பெண் தன் பிள்ளை ஒன்றையும் யாரோ ஒருவரின் பிள்ளையையும் இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு வாழைச்சேனை றோட்டுக்கு ஓடினாள். பஸ்காரன் ஏறினவரை ஏற்றிக்கொண்டு ஸ்ராட் பண்ணிவிட்டான். நானும் ஓடினேன். வாசல் காவலுக்கு இருக்கிற நம் அம்மாவின் அண்ணன் கந்தப்போடி மாமா, முழங்கால் வாதம் என்று தேத்தண்ணி குடிக்கக்கூட எழும்பாதவர், என்னை முந்திக்கொண்டு போனார்.

திரும்பி வரும்போது மனேஜர்ப் பிள்ளை மட்டும் சப்பாத்தோடு குளத்துக்குள் தனிய நின்று, "ஒன்றரை அடிதான், ஒன்றரை அடிதான்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. அசனார் காக்கா போய்ச் சுவிச்சை நிற்பாட்டிவிட்டு அதன் தோளில் கை போட்டு, "மனே, அலை இஞ்ச ஒருக்கா ரிக்கற் இல்லாம வந்துபோட்டு. இனிக் காசு குடுத்து ஆரும் பார்க்க வரமாட்டாங்க" என்று சொன்னார். அது அழுதது. அடுத்த கிழமை தானாகவே விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. அந்தப் பிள்ளை போனதில் எனக்கும் கவலைதான்.

மூன்றாவது வந்தவர் பிஸ்கட் கம்பனியில் இருந்தவர். மூன்று பூங்காவையும் பிஸ்கட் பெட்டி மாதிரி அங்கேயும் இங்கேயும் மாற்றி அடுக்கினால் நட்டம் போய்விடும் என்பது அவருடைய எண்ணம். எங்கள் குட்டி ரயிலின் எஞ்சினைத் திருகோணமலைக்கு அனுப்பினார். அதற்குப் பதிலாக அங்கேயிருந்து எட்டு மரக்குதிரை வந்தது, அவை சுற்றுகிற மேடை வரவில்லை. மேடை வாவிக்கரைப் பூங்காவுக்குப் போய்விட்டதாம். அங்கே குதிரை இல்லாமல் மேடை மட்டும் சுற்றுகிறதாம், சனம் அதில் நின்று தலைசுற்றி இறங்குகிறதாம். இங்கே எட்டுக் குதிரையும் வேப்பமரத்தடியில் பாய்கிற மாதிரியே நிற்கின்றன. ராட்டினத்துக்கும் ஒரு சட்டம் போட்டார்: இருபது பேர் சேராமல் சுற்றக்கூடாது, டீசல் வீண். ஒரு புது மாப்பிள்ளையும் பெண்ணும் முதல் ஏறி உச்சிக்குப் போனதுகள், பிறகு ஆள் சேரவில்லை. ஒன்றரை மணித்தியாலம் மேலேயே இருந்ததுகள். பெண்ணின் தாய் கீழே நின்று, "மருமகன், பசிக்குதா, சோத்துப் பாசலக் கயித்துல கட்டி அனுப்பவா" என்று கேட்க, மேலேயிருந்து மாப்பிள்ளை, "வேணா மாமி, இஞ்ச நல்லாத்தான் இரிக்கு, அவசரப்படாதீங்க" என்றான். கல்யாணம் முடித்து இரண்டு கிழமையில் அவர்களுக்குக் கிடைத்த முதல் தனியறை அது. பூங்கா தொடங்கிய நாள் முதல் சந்தோசப்பட்ட ஆக்கள் அந்த இரண்டு பேர்தான். பிஸ்கட் ஐயாவும் போன மாதம் போய்விட்டார்.

இனித்தான் விசயம். முந்தநாள் கொழும்பில் இருந்து கம்பனியின் பெரிய துரையே வந்தார், பூங்காவை மூடுவதா வைப்பதா என்று பார்க்க. அவருக்குத் தமிழ் தெரியாது, மொழிபெயர்க்க ஒரு காரியதரிசி. எங்கள் எல்லோரையும் குதிரைகளுக்கு நடுவே இருத்தினார்கள். அப்போது கந்தப்போடி மாமா வெள்ளை வேட்டி கட்டி, சால்வை போட்டு, வெற்றிலைத் தட்டோடு வந்து துரைக்கு முன்னால் வைத்தார். வைத்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, கோயில நடத்துற வண்ணக்கர் வேல வருசத்துக்கொரு குடிக்கு. ஒரு குடி செஞ்சா அடுத்தது மற்றக் குடி. உங்கட கம்பனியிலயும் அந்த முறதான் எண்டு நாங்க பார்த்துக்கிட்டுத்தான் இருந்தம். மூணு பேர் வந்து போயிட்டாங்க. இனி எங்கட குடிக்கு முறை."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் தம்பி, உண்மையைச் சொன்னால், நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தோம். மூன்று மாதத்துக்கொரு புது ஆள், வந்தவுடன் மாலை, போகும்போது யாரும் காரணம் சொல்வதில்லை. கோயில் முறை இல்லாமல் வேறென்ன?

தாய் வழியாக வருகிற வம்சம்தான் குடி என்று கொழும்புக்காரருக்கு யார் சொல்வது? காரியதரிசி, "குடி என்றால் தொழிற்சங்கமா?" என்று கேட்டார்.

"அப்பிடித்தான் வெச்சிக்கங்க."

"எத்தனை சங்கம்?"

"ஏழு."

துரை இதை மொழிபெயர்ப்பில் கேட்டுவிட்டு முகத்தைத் துடைத்தார். காரியதரிசி தொடர்ந்து கேட்டார்: "அங்கத்தவர் எப்படிச் சேருவது?"

"பொறக்கக்குள்ளயே சேர்ந்திருவம். விலக ஏலா."

"கோரிக்கை என்ன?"

"கோரிக்க ஒண்டும் இல்ல ஐயா. முதல் மரியாத."

கோரிக்கை இல்லாத சங்கத்தைத் துரை தன் வாழ்நாளில் கண்டிருக்கமாட்டார் போலும். வெற்றிலையைத் தொடவுமில்லை, தேத்தண்ணி குடிக்கவுமில்லை, காரில் ஏறிப் போய்விட்டார். நான் மாமாவிடம், "என்ன மாமா செஞ்சிட்டீங்க, இருந்த வேலையும் போச்சே" என்றேன். "நீ சும்மா இரு புள்ள. முறையக் கேட்டதுக்கு ஆரும் கோவிக்கிறல்ல" என்று வெற்றிலையைத் தானே போட்டுக்கொண்டார். மாத முடிவில் பூட்டுவார்கள் என்று அசனார் காக்கா சொல்லுகிறார். ராட்டினத்தின் சாவியை நேற்றிலிருந்து துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிறார், பாவம்.

அதனால்தான் சொல்லுகிறேன், வராதே. இன்னும் இரண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடு. வதனியிடம் விசாவில் ஏதோ சிக்கல் என்று சொல்லு. நம்பமாட்டாள். அப்படியானால் அக்காதான் தடுத்தாள் என்று சொல்லு, அதை உடனே நம்புவாள். அவள் திட்டுவதை நான் வாங்கிக்கொள்கிறேன், எனக்குத் தோல் தடிப்பு. பிள்ளையிடம் மட்டும் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. வெயிலில் தலைக்குத் துணி போடு. மாமாங்கேஸ்வரர் உன்னைக் கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
உனக்கு முன்னம் பிறந்ததைத் தவிர வேறு குற்றம் செய்யாத
அக்கா கண்ணகை

பிற்குறிப்பு: தம்பி, கடிதத்தை ஒட்டமுன்னம் கொழும்பில் இருந்து ஆள் வந்துவிட்டது. ஏழு சங்கத்தோடு மோதினால் மற்ற இரண்டு பூங்காவுக்கும் பரவும் என்று துரையின் வழக்கறிஞர் சொன்னாராம். ஒரு வருசத்துக்கு மனேஜர் வேலை நம் குடிக்குத் தந்தாயிற்று. ஆளைச் சொல்லுங்கள் என்றதற்கு மாமா, "எனக்கு முழங்கால் ஏலா, மருமகன் கட்டாரில. குடி தாய்வழிதானே, மூத்தவள் இவள்தான்" என்று என்னைக் காட்டிவிட்டார். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றேன். படித்த மூன்று பேரைப் பார்த்தாயிற்று, பரவாயில்லை என்றார்கள். ஆகவே மேலே எழுதிய ஒன்றையும் வாசிக்காதே, கையெழுத்தும் போடாதே, வா. வதனிக்குச் சொல்லிவிட்டேன், இனி நீ வராமல் இருக்கவும் ஏலாது. அடுத்த வருசம் எந்தக் குடி என்று மாமாவிடம் கேட்டேன். வதனியின் குடியாம். அதனால் உன் வேலை இரண்டு வருசத்துக்கு உறுதி: ஒரு வருசம் அக்காவுக்குக் கீழே, அடுத்த வருசம் பெண்சாதிக்குக் கீழே. உன் அரபி முதலாளி எவ்வளவு நல்லவர் என்று அதற்குப் பிறகு சொல்லு.