தண்ணீர் பட்ட பாடு

முதல் வேடிக்கைப் பேச்சுக்கே முன்வரிசையில் வெங்கிடராமனின் முகம் சுருங்கியது. மேடையில் பேசிக்கொண்டிருந்த ஸ்ரீநாத் அதைக் கவனித்துவிட்டான்.

வெங்கிடராமன் கொச்சி மட்டாஞ்சேரித் தமிழ் மன்றத்தின் தலைவர். அதைவிடப் பெரிய சங்கடம், அவர் ஸ்ரீநாத் கட்டிக்கொள்ள ஆசைப்படும் ஸாதனாவின் அப்பா.

"தமிழை மலையாள லிபியிலே எழுதி வெச்சுண்டு படிக்கற பையனுக்கு என் பொண்ணைத் தரமாட்டேன். தண்ணிங்கற ஒரு வார்த்தையை நம்ம பாஷையிலே எப்படியெல்லாம் பிரயோகிக்கறோம்னு சபையிலே பேசட்டும். ஒரு மலையாள வார்த்தை கலக்கப்படாது. எனக்குத் திருப்தியானா முகூர்த்தம். இல்லேன்னா கோட்டயத்து வரனுக்குச் சரின்னு சொல்லிடுவேன்" என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

ஸ்ரீநாத் வல்லார்பாடம் துறைமுகத்தில் கன்டெய்னர் கணக்குப் பார்ப்பவன். பிறந்தது முதல் தண்ணீரை மலையாளத்தில் 'வெள்ளம்' என்றே சொல்லிக் குடித்து வளர்ந்த பிள்ளை. தண்ணீரைத் தேடி ஒரு மாதமாக அலைந்திருந்தான்.

மன்றத்தில் ஒரு சட்டம் உண்டு. பேச்சாளர் "நன்றி, வணக்கம்" சொல்லும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. போட்டவர் வெங்கிடராமனேதான். நடுவில் சாயா குடிக்கப் போன செயலாளரை நிற்க வைத்து மானத்தை வாங்கியவர். ஆகவே, மாமா முகம் மலராமல் பேச்சை முடிப்பதில்லை என்று ஸ்ரீநாத் தீர்மானித்திருந்தான்.

ஆனால் சகுனமே சரியில்லை. கூட்டம் தொடங்குமுன் அவர் மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் கமலாக்ஷி சேச்சியிடம் காதோடு ஏதோ சொன்னார். அவள் ஸ்ரீநாத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனாள். தன்னைப் பற்றித்தான் என்று அவனுக்குப் பட்டது.

"பிடிக்காத அதிகாரியைத் தண்ணியில்லாத காட்டுக்கு மாத்துவா. உதவாத பிள்ளையைத் தண்ணி தெளிச்சு விட்டுடுவா" என்றான்.

சபை சிரித்தது. வெங்கிடராமன் நாற்காலியில் நெளிந்தார்.

"திருடன் போலீஸுக்குத் தண்ணி காட்டினான்னா, தாகத்தைத் தீர்த்தான்னு அர்த்தமில்லை."

சபை கை தட்டியது. வெங்கிடராமன் பல்லைக் கடித்தார்.

போச்சு, கோட்டயம் ஜெயித்துவிட்டது என்று ஸ்ரீநாத் நினைத்தான். சரக்கு போதவில்லை போலிருக்கிறது, இன்னும் இறக்குவோம் என்று நீரில் இறங்கினான்.

"இளநீர், பன்னீர், வெந்நீர், கண்ணீர்..." சபைக்கு ஆகாத ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டு, அருவி, ஊற்று, மடை திறந்த வெள்ளம் என்று அடுக்கினான். வெங்கிடராமன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அவர் கண் மூடிய நேரம் பார்த்து மேடையோரத்துக்குக் குனிந்தபடி வந்த ஸாதனா கிசுகிசுத்தாள். "ஸ்ரீ, அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டறது. கோபம் தலைக்கேறியாச்சு. குடிக்க ஏதாவது கொடு."

ஸ்ரீநாத் மேடையில் இருந்த கூஜாவிலிருந்து ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான்.

"தண்ணிக்கு முதல் மரியாதை, அதைக் கொடுக்கறதாக்கும். மாமா குடிக்கணும்."

"வேண்டாம்."

"சபையோட ஆசை, மாமா."

சபை மறுபடி தட்டியது. வேறு வழியில்லாமல் குடித்தார். குடிக்கக் குடிக்க முகம் கறுத்தது.

ஸ்ரீநாத்துக்கு அழுகை வரும்போல் இருந்தது. மேடைக்குத் திரும்பி, கையிலிருந்த கடைசி அஸ்திரத்தை எடுத்தான். "தண்ணி பேசறதைக் கேளுங்கோ" என்று மைக்குக்குப் பக்கத்தில் கூஜாவை உயரத் தூக்கி, பாத்திரத்தில் மெல்லிய தாரையாக ஊற்றினான். மண்டபம் முழுக்கச் சளசளவென்று கேட்டது.

வெங்கிடராமன் காலின்மேல் காலை முறுக்கிக்கொண்டு, கூடாது கூடாது என்று தலையாட்டினார்.

சரியாகக் கேட்கவில்லை போலும் என்று, இன்னும் மெதுவாக மறுபடி ஊற்றினான்.

வெங்கிடராமன் எழுந்துவிட்டார். தன் சட்டத்தைத் தானே மீறி எழுந்துவிட்டார். ஸ்ரீநாத் கூஜாவைக் கீழே வைத்தான்.

"போதும்டா" என்றார். கண்ணில் நீர் தளும்பியது. "ஸாதனா உனக்குத்தான். முகூர்த்தம் நீயே பார்த்துக்கோ. நன்றி, வணக்கம் சொல்லு. இப்பவே சொல்லு."

"நன்றி..."

வணக்கத்துக்கு அவர் காத்திருக்கவில்லை. வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினார். கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

"பார்த்தியா ஸாதனா" என்றான் ஸ்ரீநாத், நெஞ்சு நிமிர. "என் தமிழ் மாமாவை அழ வெச்சுடுத்து. தனியா நின்னு அழறதுக்கு ஓடறார்."

அப்போது வாசலில் மூச்சு வாங்க, தளும்பும் வாளியோடு வந்து நின்றாள் கமலாக்ஷி சேச்சி.

"அழறதோ? நல்ல கதை. மீட்டிங் தொடங்கறதுக்கு முன்னாடியே மாமா பாத்ரூம் போகணும்னார். பைப்பிலே தண்ணியில்லை, பக்கத்துக் கோடவுன்லேருந்து கொண்டு வரேன், கொஞ்சம் பொறுங்கோன்னு போனேன், அதுக்குள்ளே நீ தண்ணியைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டியே மோனே."