பிரஷருக்கு யார் பொறுப்பு?

கேனை எங்கே வைப்பது என்பதுதான் முதல் சிக்கல்.

ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன். மேலே அறிவிப்பாளரின் பெயரும் வயதும் ஒட்டியிருந்தது. இருபத்துநாலு மணி நேரம் அவர் கழிக்கும் சிறுநீர் ஒரு சொட்டுக்கூட வெளியே போகாமல் அதற்குள் சேர வேண்டும். கேன் குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும். வீட்டில் குளிர்ச்சியான இடம் ஒன்றே ஒன்று. பாலும் தக்காளியும் குடியிருக்கும் இடம்.

"கீழ்த்தட்டைக் காலி பண்ணி, பழைய துணி விரிச்சு வெச்சிருக்கேன்," என்றாள் மனைவி.

எழுந்ததும் எழாததுமாகக் கேனைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனவரை அவள்தான் தடுத்தாள்.

"காலையில முதல் தடவை போறதைச் சேக்கக் கூடாதுங்க. அது நேத்துக் கணக்கு. ரெண்டாவதுல இருந்துதான்."

சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த பரிசோதனைக் குறிப்புத் தாளை எடுத்துப் பார்த்தார். அப்படியேதான் போட்டிருந்தது. இந்த மட்டும் தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

அவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடை என்று இருபத்திரண்டு வருடமாக மைக்கில் சொல்கிறவர். நல்ல கணீர்க் குரல். என்ன பிரயோஜனம், அந்தக் குரலை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். அவர் பேசினால் அறிவிப்பு. மற்றவர் பேசினால் இரைச்சல்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் முதன்முதலாக ரத்த அழுத்தம் பார்த்த வயதான டாக்டர், "வீட்டுல எதாவது டென்ஷனா?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டுவைத்தார். நம் ஆள் யோசிக்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியை நோக்கி விரலை நீட்டினார். நீட்டிய விரலை அதற்குப் பிறகு மடக்கவே இல்லை.

அன்று முதல் அந்த வீட்டில் பிரஷர்தான் ராஜா. அவர் இருக்கும்போது மிக்ஸி ஓடாது. குழாய் ஒழுகினால் சொல்லக் கூடாது. அவள் "ஏங்க..." என்று ஆரம்பித்தால், "எனக்குப் பிரஷர ஏத்தாத" என்று கையைத் தூக்குவார். அவளும் வாயை மூடிக்கொள்வாள். அவளுடைய தம்பி கொஞ்சம் சத்தமாகச் சிரிக்கிற பேர்வழி. அவன் வந்து போனாலே பத்து பாயிண்ட் ஏறுகிறது என்று சொல்லி, ஆறு வருடமாக அவனை வாசற்படி மிதிக்க விடவில்லை. போன வருடம் அவள் பழைய தோழி வீட்டுக்கு என்று பத்து நாள் போய்விட்டு வந்தபோதும், "நீ இல்லாம எனக்கு எவ்வளவு ஏறிப்போச்சு தெரியுமா?" என்றுதான் வரவேற்றார். ஆக, அவள் இருந்தாலும் ஏறும், இல்லாவிட்டாலும் ஏறும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அவளும், நாம்தான் காரணமோ என்று நம்ப ஆரம்பித்துவிட்டாள்.

போன வாரம் பழைய டாக்டர் ஓய்வு பெற்று, புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்தார். சின்ன வயது. பழைய சீட்டுகளையெல்லாம் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மூணு மாத்திரை போட்டும் நூத்தி எழுபதுக்குக் கீழ இறங்கல. ரத்தத்துல பொட்டாசியமும் குறைவா இருக்கு. சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி ஒரு சின்னச் சுரப்பி இருக்கு. அது அளவுக்கு மீறி ஹார்மோன் சுரந்தா இப்படி ஆகும். எதுக்கும் பாத்துடலாம்."

"அப்ப என் வீட்டுக்காரி?" என்று கேட்டார் அறிவிப்பாளர்.

டாக்டருக்குப் புரியவில்லை. "ஏன், அவங்களுக்கு என்ன?"

அந்தக் கேள்வியை வீடுவரை தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு சுண்டைக்காய் அளவுச் சுரப்பி செய்த குற்றத்துக்கு ஒரு மனுஷியை ஒன்பது வருடம் தண்டித்துவிட்டோமோ? சாப்பாடு இறங்கவில்லை. அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும்; அதுவும் பரிசோதனை முடிவு வருவதற்குள் கேட்டுவிட வேண்டும். வந்த பிறகு கேட்டால் அது டாக்டர் எழுதிக் கொடுத்துக் கேட்ட மன்னிப்பாகிவிடும்.

ஆகவே, கேன் குளிர்பெட்டிக்குள் போன அன்று காலையே ஆரம்பித்தார். இனிமேல் நீ என்ன வேண்டுமானாலும் பேசலாம், வேண்டுமானால் சண்டைகூடப் போடலாம் என்றார். அவள் பயந்துபோய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"எதுவா இருந்தாலும் நாளைக்குப் பேசிக்கலாங்க. இந்த டெஸ்ட் நடக்கறப்ப மனசு கலங்கக் கூடாது. கணக்கு ஏறிடும்."

மன்னிப்புக் கேட்கக்கூட விட மாட்டேன் என்கிறாளே என்று அவருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் மெஷினை எடுத்துப் பார்த்தார். நூற்று எண்பத்திரண்டு.

சரி, வாயால் கேட்க முடியாவிட்டால் செய்கையால் காட்டுவோம் என்று, ஆறு வருடம் கழித்து மச்சினனை வீட்டுக்கு அழைத்தார். அவனும் மனதில் எதையும் வைத்துக்கொள்ளாமல் அடுத்த வண்டியைப் பிடித்து வந்து சேர்ந்தான். அக்கா கடைக்குப் போயிருந்தாள், மாமா கண்ணயர்ந்திருந்தார். தண்ணீர் குடிக்கக் குளிர்பெட்டியைத் திறந்தவன், கீழ்த்தட்டில் கேனைப் பார்த்தான். திறந்து மோந்தும் பார்த்தான்.

மாமா எழுந்து வந்தபோது, அவன் பாத்திரம் கழுவும் தொட்டியில் கேனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஜூஸ் கெட்டுப்போச்சு மாமா. இதைப்போய் யாராவது வெச்சிருப்பாங்களா? நான் வந்ததால ஆச்சு," என்று சத்தமாகச் சிரித்தான்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். அறிவிப்பாளர் பல்லைக் கடித்துக்கொண்டார். இந்த முறை அவன்மேலும் பழி போடக் கூடாது என்று உறுதியாக இருந்தார். உறுதியின் விலை நூற்றுத் தொண்ணூறு.

புதுக் கேன் வாங்கி மறுநாள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அன்று லீவு கிடைக்கவில்லை. கேனை ஒரு வாளி ஐஸுக்குள் வைத்து, மேலே துண்டு போர்த்தி, மைக் மேசைக்கு அடியில் காலோடு காலாக வைத்துக்கொண்டார். மதியம் நடைமேடையில் கூட்டம் சேர்ந்திருந்த நேரத்தில் அவருக்கு மனசு பொறுக்கவில்லை. ஒரு வண்டி புறப்படுவதை அறிவித்துவிட்டு, போனை எடுத்து மனைவியை அழைத்தார்.

"கேன் பத்திரமா கால்கிட்டயே இருக்கு. பாதி ரொம்பிடுச்சு. அதுக்காகக் கூப்பிடல. ஒன்பது வருஷமா உன்மேல வீண்பழி போட்டுட்டேன். எல்லாத்துக்கும் நீதான் காரணம்னு சொன்னேன் பாரு, நான் மனுஷனே இல்ல."

மறுமுனையில் அவள் குறுக்கிட்டாள்.

"ஏங்க, உங்க குரல் ரெண்டு தடவை கேக்குது. மைக்கை அணைச்சீங்களா?"

அணைக்கவில்லை. பன்னிரண்டு நடைமேடைகளிலும் அவருடைய கணீர்க் குரல் ஒலித்து முடிந்திருந்தது. ஓர் அம்மாள் தன் கணவரிடம், "காதுல விழுந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஓட்டுநர்கள் ஹாரன் அடித்து ஆமோதித்தார்கள். மேலாளர் கூப்பிட்டு அனுப்பி, ஒலிபெருக்கியைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தியது ஏன் என்றும், கேனில் என்ன என்றும் எழுத்தில் விளக்கம் கேட்டார். முதல் கேள்விக்கு எழுதிவிட்டார். இரண்டாவதுக்குத்தான் பேனா ஓடவில்லை.

ஊரே கேட்ட மன்னிப்பை அவள் மட்டும் முழுதாகக் கேட்கவில்லை. மைக்கை அணைக்கச் சொன்ன அவசரத்தில் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை இருவரும் மருத்துவமனை ஆய்வுக்கூடத்துக்குப் போனார்கள். கேன் பையை அவள்தான் தூக்கி வந்தாள். வழி கேட்காமல் இரண்டு திருப்பம் திரும்பி நேராகக் கூட்டிக்கொண்டு போனாள். சன்னல் இன்னும் திறக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

இனிமேல் தள்ளிப்போட முடியாது. மைக் இல்லை, மச்சினன் இல்லை, கேனும் நிரம்பிவிட்டது. அவர் தொண்டையைச் செருமினார். குரல் வழக்கம்போல் கணீரென்று வரவில்லை.

"என்னை மன்னிச்சிடு. இந்த டெஸ்ட்டுல என்ன வந்தாலும் சரி, தப்பு என்னோடதுதான். நீ வாயத் தொறக்கறப்பெல்லாம் கையத் தூக்கி அடக்கிட்டேன். எனக்கு ஏறிடுமேன்னு எத்தனைய சொல்லாம முழுங்குனியோ. இப்ப சொல்லு. எவ்வளவு நேரம் ஆனாலும் கேக்குறேன்."

அவள் கண் கலங்கியது. பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"அப்படியெல்லாம் பெரிசா ஒண்ணுமில்லீங்க," என்றாள்.

அவருக்கு அப்பாடா என்று இருந்தது. ஒன்பது வருடப் பாரம் இறங்கிவிட்டது. ஒன்றுமில்லை என்று அவளே சொல்லிவிட்டாளே. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் பிடித்தது.

சன்னல் திறந்தது. கேனை வாங்க எட்டிப் பார்த்த ஆய்வுக்கூடப் பெண், அவளைக் கண்டதும் முகம் மலர்ந்து கதவைத் திறந்து வெளியிலேயே வந்துவிட்டாள்.

"அக்கா, எப்படி இருக்கீங்க? ஆபரேஷன் பண்ண இடம் நல்லா ஆறிடுச்சா? போன வருஷம் இதே மாதிரிக் கேனைத் தூக்கிட்டு நீங்க தனியா வந்து நின்னதும், பத்து நாள் இங்கேயே தனியாப் படுத்திருந்ததும் இன்னும் கண்ணுலயே நிக்குது. வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்காரு, வர முடியாதுன்னு சொன்னீங்கன்னுதானே ஆபரேஷனுக்கு நான் கையெழுத்துப் போட்டேன்," என்றவள், அறிவிப்பாளரை மேலும் கீழும் பார்த்தாள். "இப்பவாவது துணைக்கு ஒரு ஆள் வந்திருக்காரே. யாருக்கா இவரு, உங்க அண்ணனா?"